ஒரே உபயதாரர், பதினைந்து வருஷம்!

2025 டிசம்பர். ஸ்ரீரங்கம் தெற்குச் சித்திரை வீதியில் ஒரு காபிக் கடை. வைகுண்ட ஏகாதசிக்குக் கூட்டம் சேர ஆரம்பித்திருந்த நேரம். பக்கத்து பெஞ்சில் ஒரு பையன். எட்டாவதோ ஒன்பதாவதோ படிப்பான். ரோஸ் கலர் பனியன், முதுகில் 10, அதற்கு மேலே மெஸ்ஸி.

''எங்கே தம்பி வாங்கினது?''

''பெரிய கடை வீதி பிளாட்பாரத்துல சார். எரநூத்தம்பது ரூபா.''

''மெஸ்ஸி இந்தியாவுக்கு வந்துட்டுப் போனாரே, பாத்தியா?''

''போன்ல பாத்தேன் சார். கல்கத்தால சேரைத் தூக்கி அடிச்சாங்கள்ல, அது.''

''நம்ம ஊர் ஃபுட்பால் பிளேயர் யார் பேராவது தெரியுமா?''

யோசித்தான். என் காபி ஆறிப்போகும் அளவுக்கு யோசித்தான். கடைசியில், ''எங்க பி.டி. மாஸ்டர் நல்லா ஆடுவார் சார்'' என்றான்.

அந்தப் பையனை நான் குறை சொல்லப் போவதில்லை. அவனுக்கு ஒரு பெயரைக்கூடக் கொடுக்க முடியாத ஒரு வியாபாரத்தைப் பற்றித்தான் இந்த வாரம்.

டிசம்பர் 13-ஆம் தேதி கொல்கத்தா சால்ட் லேக் ஸ்டேடியத்தில் மெஸ்ஸி வந்து நின்றார். ஆயிரக்கணக்கில் கொடுத்து டிக்கெட் வாங்கிய ஜனங்களுக்குத் தெரிந்ததெல்லாம் அவரைச் சுற்றி நின்ற வி.ஐ.பி.க்களின் முதுகு. அரை மணி நேரம்கூட இருக்கவில்லை, கிளம்பிவிட்டார். நாற்காலிகள் பறந்தன. அமைப்பாளரைக் கைது செய்தார்கள்.

இதற்குச் சரியாக ஐந்து நாள் முன்னால், டிசம்பர் 8-ஆம் தேதி, இன்னொரு விஷயம் நடந்தது. அது அவ்வளவாகப் பேசப்படவில்லை. இந்தியக் கால்பந்தை 15 வருஷம் நடத்திவந்த ஒப்பந்தம் அன்று காலாவதியானது. அந்த நேரத்தில் நாட்டின் முதல் டிவிஷன் லீகை நடத்த ஆளில்லை. ஆட ஆள் இருந்தது, மைதானம் இருந்தது, பந்தும் இருந்தது. நடத்த ஆளில்லை!

ஒரு மனிதர் வந்து கையசைத்துவிட்டுப் போவதற்குக் கோடிகளைப் புரட்ட முடிகிற தேசத்தில், இருபத்திரண்டு பேர் பந்து உதைக்க வழியில்லை என்றால் கோளாறு எங்கே?

நான் பி.காம். படித்தவன். கோல் போடத் தெரியாது, ஆனால் பற்று வரவு பார்க்கத் தெரியும். வாருங்கள், கணக்கைப் புரட்டுவோம்.

2010-இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போட்டது. 15 வருஷம், 700 கோடி ரூபாய். பதிலுக்கு லீக், தேசிய அணி, டெலிவிஷன், விளம்பரம் என்று இந்தியக் கால்பந்தில் விற்கக்கூடியது எல்லாவற்றின் வியாபார உரிமையும் ஒரே இடத்துக்குப் போனது. வகுத்துப் பாருங்கள். வருஷத்துக்குச் சராசரியாக 47 கோடிக்கும் கீழே. ஒப்பிட வேண்டுமென்றால், 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடிக்குப் போனது. அதாவது நாளொன்றுக்கு 26 கோடிக்கு மேல். தேசத்தின் மொத்தக் கால்பந்தும் ஒரு வருஷத்துக்கு விலைபோனது, ஐ.பி.எல்.லின் இரண்டு நாள் தொகைக்கு!

விலை குறைவு என்பதல்ல என் புகார். அன்றைக்கு மார்க்கெட் அப்படி. வாங்கியவர் யார், விற்றவர் யார் என்பதுதான் கேள்வி.

ஐ.எஸ்.எல். 2014-இல் ஆரம்பித்தது. நடத்திய கம்பெனியில் ரிலையன்ஸும் ஸ்டார் டெலிவிஷனும் பங்குதாரர்கள். பல சீசன்கள் ஒளிபரப்பியது அதே ஸ்டார். பிறகு உரிமை போனது ரிலையன்ஸ் குடும்பத்தின் வயாகாம்18-க்கு. 2024 நவம்பரில் இரண்டும் ஒன்றாகி ஜியோஸ்டார் ஆயிற்று. லீகை நடத்துகிற வீடும் அதை வாங்கிக் காட்டுகிற வீடும் ஒன்றே. இடது பாக்கெட் வலது பாக்கெட்டுக்குச் சரக்கு விற்றால் விலை எவ்வளவு என்று யார் நிர்ணயிப்பது? எதிரே இன்னொரு கடை இருந்தால்தானே நம் சரக்கின் விலை நமக்குத் தெரியும்? பி.காம். முதல் வருஷப் பையனுக்கே இது தெரியும்.

நம் ஊர்க் கோயில் திருவிழாவைப் பாருங்கள். பத்து நாள் உற்சவம் என்றால் பத்து மண்டகப்படி. ஒரு நாள் ஜவுளிக் கடைக்காரர்கள், ஒரு நாள் அரிசி மண்டி, ஒரு நாள் இன்ன தெருவாசிகள். ஒருத்தருக்கு வியாபாரம் நொடித்துப்போய் இந்த வருஷம் முடியவில்லை என்றால், அந்த ஒரு நாள் வாணவேடிக்கை கொஞ்சம் குறையும். சாமி புறப்பாடு நிற்காது. உபயதாரர் பெயரை ட்யூப்லைட் மேலேயே எழுதி வெளிச்சத்தைப் பாதியாக்குகிறார்கள் என்று கேலி செய்கிறோம். செய்யலாம். ஆனால் அந்த ஏற்பாட்டைப் போட்டவர்கள் முட்டாள்கள் இல்லை. ஒருத்தர் கையில் முழு உற்சவத்தையும் கொடுக்கக்கூடாது என்று தெரிந்தவர்கள்.

இந்தியக் கால்பந்துக்கு ஒரே உபயதாரர், 15 வருஷம். அந்த வருஷங்கள் முடிகிற நேரம் வந்தது. உச்ச நீதிமன்றத்தில் சம்மேளனத்தின் சட்ட விதி பற்றிய வழக்கு வேறு. புதுப்பிப்பார்களா மாட்டார்களா என்று தெரியாமல் 2025 ஜூலையில் சீசனை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் பெங்களூரு எஃப்.சி. சம்பளத்தை நிறுத்தி வைத்தது. பின்னாலேயே நம் சென்னையின் எஃப்.சி.யும் கடையைத் தற்காலிகமாகச் சாத்தியது. 2015-இலும் 2017-18-லும் கோப்பை வாங்கிய அணி! அக்டோபரில் சம்மேளனம் டெண்டர் விட்டது. வருஷத்துக்குக் குறைந்தபட்சம் 37.5 கோடி. நவம்பர் 7 கடைசித் தேதி. வந்த விண்ணப்பம்: பூஜ்யம். 2026 ஜனவரியில் மத்திய விளையாட்டு அமைச்சரே தலையிட்டு, பிப்ரவரி 14-இல் 14 அணிகளோடு ஆரம்பிக்கும் என்று அறிவிக்க வேண்டியிருந்தது. சீசனை நறுக்கிச் சிறிதாக்கி, காதலர் தினத்தில் முகூர்த்தம்.

'மார்க்கெட் பார்த்துக்கொள்ளும், அரசாங்கம் தலையிடக்கூடாது' என்று இத்தனை வருஷம் எழுதியவர்கள் அன்றைக்கு எங்கே போனார்கள் என்று தெரியவில்லை. இது மார்க்கெட் தோற்ற கதை அல்ல. மார்க்கெட்டே இருந்ததில்லை. இருந்தது ஒரு குத்தகை.

வாசகர்களில் சிலர் ''ஜனங்க பாக்கறதே இல்ல சார், எல்லாம் கிரிக்கெட்தான். அப்புறம் எப்படிப் பணம் வரும்?'' என்று கேட்கலாம். நியாயமாகத் தோன்றும். ஆனால் கொச்சியில் மஞ்சள் பனியன் கூட்டத்தைப் பார்த்தவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். மோகன் பகான் - ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்துக்கு யாரும் ஆள் பிடித்து உட்கார வைப்பதில்லை. ஜனங்கள் பார்ப்பார்கள், அது தங்களுடையது என்றால்.

தங்களுடையது இல்லை என்றால் என்ன ஆகும்? ஐ.எஸ்.எல்.லில் டெல்லி டைனமோஸ் என்று ஓர் அணி. 2019-இல் புவனேஸ்வர் போய் ஒடிஷா எஃப்.சி. ஆனது. அதே வருஷம் புனே அணி மூடப்பட்டு அந்த இடத்தில் ஹைதராபாத் வந்தது. 2025-இல் அந்த ஹைதராபாத் டெல்லிக்குப் போய்ப் பெயர் மாற்றிக்கொண்டது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் போர்டு மாற்றுகிற மாதிரி! ரசிகன் எந்த ஸ்டாப்பில் நிற்பான்?

இது அமெரிக்க மாடல். கூடைப்பந்தின் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி முதலில் ஏரிகள் நிறைந்த மினியாபொலிஸில் இருந்தது. 1960-இல் ஏரியை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். சியாட்டில் நகரம் 41 வருஷம் கொண்டாடிய அணியை 2008-இல் ஓக்லஹோமாவுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். முதலாளி இஷ்டம். ஆனால் அந்த அமெரிக்க மாடலில் நல்லதும் உண்டு. அதை மட்டும் நாம் காப்பியடிக்கவில்லை.

என்.பி.ஏ.வில் கடைசியில் வந்த அணிகளுக்குத்தான் புது ஆட்டக்காரர்களைப் பொறுக்குவதில் முன்னுரிமை வாய்ப்பு. டெலிவிஷன் பணம் அணிகளுக்குச் சமமாகப் போகிறது. எல்லாவற்றையும்விட முக்கியம், விளையாட்டு சார்ந்த வருமானத்தில் ஏறக்குறைய பாதி ஆட்டக்காரர்களுக்கு என்று எழுத்து மூலம் ஒப்பந்தம். 2025-26 சீசனிலிருந்து அவர்களுடைய ஒளிபரப்பு ஒப்பந்தம் 11 வருஷத்துக்கு 7,600 கோடி டாலர். அதுவும் ஒரே நிறுவனத்துக்கு அல்ல, மூன்று நிறுவனங்களுக்குப் பிரித்து.

இந்தப் பாதிப் பங்கு முதலாளிகள் மனமிரங்கிக் கொடுத்ததா? 1964 ஜனவரியில் பாஸ்டனில் என்.பி.ஏ. ஆல்-ஸ்டார் ஆட்டம். டெலிவிஷன் கேமராக்கள் தயார். ஆட்டக்காரர்கள் உடை மாற்றும் அறையை விட்டு வெளியே வரவில்லை. ''பென்ஷன் தருவதாகச் சொல்லு, ஆடுகிறோம்.'' சொன்னார்கள், ஆடினார்கள். இங்கிலாந்தில் 1961 வரை ஒரு கால்பந்துக்காரருக்கு வாரம் 20 பவுண்டுக்கு மேல் தரக்கூடாது என்று விதியே இருந்தது. ஸ்டிரைக் நோட்டீஸ் கொடுத்துத்தான் அதை உடைத்தார்கள். இன்றைய கோடீஸ்வர ஆட்டக்காரர்களைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவர்கள் அந்த அறைக் கதவையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் கூடைப்பந்துக் கதை இன்னும் பரிதாபம். அதே 2010-இல் கூடைப்பந்து சம்மேளனமும் அதே ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸோடு ஒப்பந்தம் போட்டது. இங்கே 15 அல்ல, 30 வருஷம்! லீக் வரும் வரும் என்று பேசினார்கள். 2015-இல் அமெரிக்கர்களின் முதலீட்டோடு யு.பி.ஏ. என்று ஒரு தனி லீக் வந்தது. 'சென்னை ஸ்லாம்' என்று நமக்கும் ஓர் அணி. 2017-க்குப் பிறகு காணோம். பிறகு வேறு பெயரில் வேறு லீக். இடையில் 2015-இல் பஞ்சாப் கிராமத்துப் பையன் சத்னம் சிங்கை டல்லாஸ் அணி தேர்ந்தெடுத்தது. என்.பி.ஏ. பொறுக்கிய முதல் இந்தியர் என்று கொண்டாடினோம். ஒரு என்.பி.ஏ. ஆட்டத்திலும் அவர் இறங்கவில்லை. ஏழடி உயரத்தோடு திரும்பி வந்தால் ஆடுவதற்கு உள்ளூரில் ஓர் உருப்படியான லீக் இல்லை. இப்போது அமெரிக்காவில் டெலிவிஷன் மல்யுத்தம் ஆடுகிறார். உயரத்துக்கு அங்கேதான் வேலை கிடைத்தது.

இத்தனைக்கும் நம்மிடம் ஒரு மாடல் இருந்தது. அதை மாடல் என்று யாரும் சொல்லவில்லை, அவ்வளவுதான். பொன்மலையில் ரயில்வே. திருவெறும்பூரில் பெல். சென்னையில் ஐ.சி.எஃப்., இந்தியன் பாங்க், கஸ்டம்ஸ், ஏ.ஜி. ஆபீஸ். கூடைப்பந்து என்றால் ஐ.ஓ.பி. நன்றாக ஆடினால் வேலை. காலையில் பிராக்டீஸ், மதியம் லெட்ஜர், முப்பத்தைந்து வயதில் முழங்கால் போனாலும் மாதச் சம்பளம் வரும், அப்புறம் பென்ஷன். பெண் கொடுக்கிற மாமனாருக்கு 'புரொஃபஷனல் பிளேயர்' என்று சொன்னால் புரியாது, 'ரயில்வேல இருக்கான்' என்றால் புரியும். 1996-இல் தேசிய கால்பந்து லீக் ஆரம்பித்தபோது இந்தியன் பாங்க் அணி அதில் ஆடியது. ஒரு பாங்க் தேசிய லீகில் ஆடியிருக்கிறது, ஐயா!

பழசெல்லாம் பொன் என்று நான் சொல்ல வரவில்லை. அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை உண்டு. வேலை கிடைத்ததும் ஆட்டம் தளர்ந்தவர்கள் உண்டு. ஆள் எடுப்பதைக் குறைத்த பிறகு அணிகளுக்கு வயசாகிப்போனது. என் கேள்வி வேறு. அந்த வேலையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் எதை வைத்தீர்கள்? எடுத்தது, ரிடையர்மென்ட் வரைக்கும் போகிற ஒரு வாழ்க்கை. வைத்தது, சீசனுக்கு சீசன் கான்ட்ராக்ட். அதுவும் ஆகஸ்டில் நின்றுபோகிற கான்ட்ராக்ட்.

திறமையால் மேலே வந்தவர்களுக்கு என்ன மரியாதை என்றும் பார்த்தோம். 2018-19-இல் கோயம்புத்தூரைச் சொந்த மைதானமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்.சி. ஐ-லீக் சாம்பியன். ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு பாயின்ட்டில் முந்தியது. தேசிய லீகில் தமிழ்நாட்டு அணி ஒன்று முதலிடம் பிடித்தது அதுதான் முதல் தடவை. ஐ.எஸ்.எல். கதவு திறந்ததா? இல்லை. அது பணம் கட்டி நுழைகிற கிளப். ஐ-லீகில் ஜெயித்தவர்கள் மேலே வரலாம் என்ற விதி வந்ததே 2022-23 சீசனில்தான். அதற்குள் சென்னை சிட்டி லீகிலிருந்தே மறைந்துவிட்டது. ஃபர்ஸ்ட் கிளாசில் பாஸ் பண்ணினாலும் மேல் வகுப்பில் சேர்க்க மாட்டோம் என்கிற பள்ளிக்கூடத்தில் யார் படிப்பார்கள்?

முடிவு என்ன? ஃபிஃபா பட்டியலில் இந்தியா 1996-இல் 94-ஆவது இடம். 2025 நவம்பரில், பங்களாதேஷிடம் தோற்ற கையோடு, 142.

திருச்சிக்கு வருவோம். டி.என்.பி.எல். கிரிக்கெட்டில் திருச்சி பெயரில் அணி உண்டு. ஆட்டம் திண்டுக்கல்லில், நெல்லையில், கோவையில், சேலத்தில். பெயர் நம்முடையது, மைதானம் அடுத்த ஊருடையது. ஆனால் இதே மாவட்டத்திலிருந்துதான் ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன், தனலட்சுமி மூன்று பேரும் டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கான இந்தியத் தொடர் ஓட்டப் பட்டியலில் இடம்பிடித்தார்கள். காலில் தெம்பு இல்லாத ஊர் இல்லை இது.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்றும் சொல்ல மாட்டேன். முதலமைச்சர் கோப்பைக்கு 2024-இல் பரிசுத் தொகை மட்டும் 37 கோடி. அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவிகிதம். திருச்சிக்கு ஒலிம்பிக் அகாடமி அறிவித்திருக்கிறார்கள். சந்தோஷம். ஆனால் கோப்பை வேறு, லீக் வேறு. நாக்-அவுட்டில் 32 அணி சேர்ந்தால் மொத்தம் 31 ஆட்டம். அதில் 16 அணி ஒரே ஒரு ஆட்டம் ஆடிவிட்டு பஸ் ஏறிவிடும். பத்து அணிகள் வைத்து, ஒவ்வொன்றும் மற்றதோடு இரண்டு தடவை ஆடுகிற லீக் நடத்தினால் 90 ஆட்டம். ஒவ்வொரு அணிக்கும் 18. தோற்ற பையனும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட வருவான். ஆட்டக்காரன் உருவாவது அந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமையில்தான்.

நான் கேட்பது மூன்றே மூன்று.

ஒன்று, நடத்துகிறவரும் ஒளிபரப்புகிறவரும் ஒரே வீடாக இருக்கக்கூடாது. யாருக்கும் 15 வருஷம், 30 வருஷம் என்று எழுதிக் கொடுக்கக்கூடாது.

இரண்டு, கணக்கு. கிளப்புகள் கம்பெனிகளாகப் பதிவாகியிருப்பதால் 100 ரூபாய் கட்டினால் அவற்றின் பாலன்ஸ் ஷீட்டை யாரும் பார்க்கலாம். மாவட்ட, மாநிலச் சங்கங்களின் கணக்கை எங்கே பார்ப்பது? 2025-இல் வந்த தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டம், அரசுப் பணம் வாங்கும் அங்கீகாரம் பெற்ற அமைப்புகளைத் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் கொண்டுவருகிறது. கேட்கிற பழக்கம் நமக்கு வர வேண்டும்.

மூன்று, அந்த பி.டி. மாஸ்டர். ஃபிஃபா விதியில் ஓர் அருமையான ஏற்பாடு உண்டு. ஓர் ஆட்டக்காரர் நாடு விட்டு நாடு விலைபோனால், அந்தத் தொகையில் 5 சதவிகிதம், அவரை 12 வயதிலிருந்து 23 வயது வரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தர வேண்டும். 2017-இல் நெய்மார் 22.2 கோடி யூரோவுக்கு பாரிஸ் போனபோது, சிறுவனாக அவரை வளர்த்த பிரேசிலின் சான்டோஸ் கிளப்பின் பங்கு, கணக்குப்படி 4 சதவிகிதம். சுமார் 89 லட்சம் யூரோ! நம் ஊரில் 12 வயதுப் பையனை வளர்ப்பது பள்ளிக்கூடமும் பி.டி. மாஸ்டரும். இருவரும் எந்த ரிஜிஸ்டரிலும் கிளப் கிடையாது. பையன் நாளைக்கு ஐ.எஸ்.எல்.லில் கையெழுத்துப் போட்டால் மாஸ்டருக்குக் கிடைப்பது ஒரு செல்ஃபி. அந்த 5 சதவிகித விதியை உள்ளூர் ஒப்பந்தங்களுக்கும் போட்டு, பள்ளிக்கூடங்களையும் அதில் சேருங்கள்.

லீகுக்குப் பணம்? ஒரு ஆட்டத்துக்கு ரெஃப்ரி, பந்து, தண்ணீர், முதலுதவி எல்லாம் சேர்த்து 10,000 ரூபாய் என்று தாராளமாகவே போடுகிறேன். 90 ஆட்டத்துக்கு 9 லட்சம். ஒரே ஆளிடம் கேட்காதீர்கள். சின்னக் கடை வீதியில் எத்தனை நகைக் கடை? என்.எஸ்.பி. ரோட்டில் எத்தனை ஜவுளிக் கடை? காந்தி மார்க்கெட்டில் எத்தனை மண்டி? ஆட்டத்துக்கு ஒரு மண்டகப்படி. 90 ஆட்டம், 90 உபயதாரர். கோல் போஸ்ட்டில் வேண்டுமானால் பெயர் எழுதிக்கொள்ளட்டும், ட்யூப்லைட்டை மட்டும் விட்டுவிடட்டும்.

காபிக் கடைப் பையனின் பி.டி. மாஸ்டரை இரண்டு நாள் கழித்துப் போய்ப் பார்த்தேன். இந்தக் கணக்கை எழுதிக் காட்டினேன். பணத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை அவர்.

''தொண்ணூறு மேட்சா சார்?'' என்றார். ''என் பசங்க வருஷத்துல ஆறு ஆடினா பெரிசு.''